ஏறுகிற கொடியும் இறங்குகிற எழுத்தும்

மிளகுக் கொடி கீழிருந்து மேலே ஏறுகிறது. எழுத்தோ பக்கத்தின் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மிளகைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த முரண் என் கையைப் பிடித்து நிறுத்தும். மரத்தடியில் ஒரு துண்டுக் கொடியை ஊன்றுகிறார்கள். அது கணுவுக்குக் கணு சிறு வேர் விட்டு, மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. சில ஆண்டுகளில் காய் பறிக்க மூங்கில் ஏணி தேவைப்படுகிறது. இதை வழக்கம்போல மேலிருந்து கீழாக எழுதினால், ஒவ்வொரு வரியிலும் கொடி ஒரு படி இறங்குவதாகவே கண்ணுக்குப் படும்.

அதனால் இப்படி எழுதினேன். அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்.

ஏணி தேடுகின்றன
அதே கைகள்
மிளகு பறிக்க
இன்று
ஊன்றினார்கள்
கொடி ஒன்றை
முழங்கால் உயரக்

நடவு

தலைப்பு அடியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘கீழிருந்து படிக்கவும்’ என்று குறிப்பு எழுதினால் அது கவிதைக்கு வெளியே நின்று கட்டளையிடுவதாகிவிடும். கண் முதலில் தேடுவது தலைப்பைத்தான். அதை வேர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால், கண் தானே அடிக்குப் போய் அங்கிருந்து ஏறத் தொடங்குகிறது. பக்கத்தில் எழுத்து நிற்கும் இடமும் கவிதையின் பொருளில் ஒரு பங்கு என்று நான் நம்புவது இதனால்தான்.

வடிவக் கவிதை என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது வேறு ஒன்று. மரத்தைப் பற்றிய கவிதையை மரம்போல அடுக்குவது. விளக்கைப் பற்றியதை விளக்குப்போல அடுக்குவது. காதல் என்றால் இதய வடிவம். பள்ளி, கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டினால் இவை கிடைக்கும். கிளை அகலமாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சொற்களை இட்டு நிரப்பியிருப்பார்கள். அடிமரம் ஒல்லியாக வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல சொல்லை நடுவில் ஒடித்திருப்பார்கள். அந்தக் கவிதையை நேர்வரிகளில் எடுத்து எழுதிப் பாருங்கள், ஒன்றும் குறையாது. எதை எடுத்துவிட்டாலும் குறையாதோ அதற்கு அங்கே வேலை இல்லை. வெளிக்கோடு வரைவதற்கு ஓவியர்கள் இருக்கிறார்கள். எழுத்தால் மட்டுமே செய்யக்கூடியது, படிப்பவரின் கண்ணைப் பொருள் போகும் வழியிலேயே நடத்துவது.

ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் இதைச் செய்திருக்கிறார். அவர் இறந்த 1633ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பில் ஈஸ்டர் சிறகுகளைப் பற்றிய ஒரு கவிதை உண்டு. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சிறகுகள் விரிந்திருப்பது தெரியும். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தச் சிறகு இல்லை. மனிதன் தன் செல்வத்தை இழந்துகொண்டே வருகிறான் என்று சொல்லும்போது வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகி, அவன் முற்றிலும் வறியவனாகும் இடத்தில் வரி இரண்டே சொல்லாகிவிடுகிறது. பிறகு இறைவனோடு எழும்போது வரிகள் மறுபடி நீள்கின்றன. சிறகு என்ற தோற்றம் இந்தக் குறுகலும் விரிவும் சேர்ந்ததால் கிடைத்தது.

1918இல் வெளிவந்த அப்பொலினேரின் பிரெஞ்சுத் தொகுப்பில் மழைக் கவிதை ஒன்று இருக்கிறது. ஐந்து சாய்ந்த கோடுகளாக எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்று சொட்டுகின்றன. அதைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் தமிழுக்கு வாய்ப்பு அதிகம் என்று நினைத்துக்கொள்வேன். பிரெஞ்சுச் சொல்லைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்தால் பல இடங்களில் உச்சரிக்க முடியாத துண்டுகளே மிஞ்சும். தமிழில் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் முழு அசையொலி. ‘ம’ என்று ஒரு துளி, ‘ழை’ என்று அடுத்த துளி விழுந்தால் இரண்டும் வாயில் நிற்கும்.

இந்த வாய்ப்பை நம் பழைய புலவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்கு வகைக் கவி சொல்லும் மரபு நம்முடையது. எழுத்துகளைப் படம்போல அடுக்கிப் பாடும் அந்தச் சித்திரகவிக்கு இன்று மரியாதை குறைவு. மூளைப் பயிற்சி, சொல் சர்க்கஸ் என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியம் புதிதும் இல்லை. வடமொழியில் மம்மடர் என்ற இலக்கணி சித்திரகாவியத்தைக் கடைசித் தரத்தில் வைத்துவிட்டார். வெறும் பொறிவேலையாக நின்றுவிட்ட பந்தங்கள், அதாவது எழுத்துகளைப் பின்னிக் கட்டிய சித்திரகவிகள், நிறைய உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்: சுழிகுளம், நாகபந்தம், சக்கரம், கோமூத்திரி. சுழி சுழல்கிறது, நாகம் பின்னிக்கொள்கிறது, சக்கரம் உருள்கிறது. நம் முன்னோர் பெயர் வைக்கும்போதே அசைகிற பொருள்களைத் தேடியிருக்கிறார்கள். பந்தம் என்பது படிப்பதற்கான ஒரு பாதை.

கோமூத்திரியை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் நெருக்கமானது அதுதான். மாடு நடந்துகொண்டே சிறுநீர் கழிக்கும்போது மண்ணில் விழும் நெளிகோட்டிலிருந்து வந்த பெயர். முகம் சுளிக்காமல், தெருவில் கண்டதை அப்படியே இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது. நான்கடிச் செய்யுளில் முதல் இரண்டடியை மேல்வரிசையிலும் அடுத்த இரண்டடியைக் கீழ்வரிசையிலும் எழுத வேண்டும். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் காட்டும் எடுத்துக்காட்டில் இரண்டு வரிசைகளும் இப்படித் தொடங்குகின்றன:

பருவ மாகவி தோகன மாலையே
மருவு மாசைவி டாகன மாலையே

இரண்டு வரியிலும் பன்னிரண்டு பன்னிரண்டு எழுத்து. இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டைப்பட்ட இடங்களைப் பாருங்கள்: ரு, மா, வி, க, மா, யே. மேலும் கீழும் ஒன்றே. ஆகவே மேல்வரியின் முதல் எழுத்தைப் படித்து, கீழ்வரியின் இரண்டாம் எழுத்துக்கு இறங்கி, மீண்டும் மேல்வரியின் மூன்றாம் எழுத்துக்கு ஏறி, இப்படி நெளிந்து நெளிந்து போனாலும் முதல் வரியே கிடைக்கும். கீழே தொடங்கினால் கீழ்வரி கிடைக்கும். இரண்டு வரிகளும் ஒவ்வொரு மாற்றிடத்திலும் ஒரே எழுத்தை மிதித்துக்கொண்டு போகின்றன. பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள், அந்த நெளிவு காகிதத்தில் எழும்.

சேலத்துக்காரனுக்கு இந்த நெளிவு புதிதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்குத் தெரியும்: கீழே தெரிந்த சேலம் ஒரு வளைவில் காணாமல் போகும், அந்தப் பக்கம் பாறை வந்து நிற்கும். எதிர் ஜன்னல்காரர்கள் ‘அதோ ஊர்’ என்பார்கள். அடுத்த வளைவில் மறுபடி நம் முறை. நாம் நகரவில்லை, ஜன்னலும் மாறவில்லை, ஊர் மட்டும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த அனுபவத்தை நேர்வரிகளில் விவரித்துப் பார்த்தேன். விவரிக்கலாம், ஆனால் படிப்பவர் எங்கும் திரும்புவதில்லை. அவரைத் திருப்பினால்தான் அது மலைப்பாதை. முதல் வரியை வழக்கம்போல இடமிருந்து வலமாகப் படியுங்கள். வரி முடிந்த இடத்திலேயே கீழே இறங்கி, இரண்டாம் வரியை வலமிருந்து இடமாக, சொல் சொல்லாகப் படியுங்கள். மூன்றாவது இடமிருந்து, நான்காவது வலமிருந்து.

இடப்பக்கம் சேலம் கிடக்கிறது கீழே
மேலே எழுகிறது பாறை வலப்பக்கம்
இடப்பக்கம் பாறை எழுகிறது மேலே
கீழே கிடக்கிறது சேலம் வலப்பக்கம்

‘இடப்பக்கம்’ என்ற சொல் எப்போதும் பக்கத்தின் இடது ஓரத்தில், ‘வலப்பக்கம்’ வலது ஓரத்தில். வளைவு திரும்பியதும் ஊரும் பாறையும் இடம் மாறுகின்றன. தமிழ் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘பாறை எழுகிறது மேலே’ என்றாலும் ‘மேலே எழுகிறது பாறை’ என்றாலும் நம் வாக்கியம் உடைவதில்லை. வேற்றுமை உருபுகளும் வினைமுற்றும் சொல்லின் உறவைத் தங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால், சொற்களுக்குத் திரும்பி நிற்கும் சுதந்திரம் இருக்கிறது. வழி தெரியாமல் நான்கு வரியையும் இடமிருந்தே படித்தவரும் குழம்பிப் போவதில்லை. அவருக்கு ஒரு சமவெளிக் கவிதை கிடைக்கிறது. அவ்வளவுதான்.

இனி எழுகூற்றிருக்கை. இதுவும் ஏறி இறங்குவதுதான், ஆனால் அதன் பாதை எண்களால் ஆனது. ஒன்று, இரண்டு, ஒன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. அப்புறம் நான்கு வரை, ஐந்து வரை, இப்படியே ஏழு வரை ஏறி ஏறி இறங்கும். கட்டங்களாக அடுக்கினால் தேரின் வடிவம் வரும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார்; பின்னால் அருணகிரிநாதரும் பாடியிருக்கிறார். திருமங்கையாழ்வார் குடந்தை என்ற கும்பகோணத்துப் பெருமாள்மீது பாடியது ‘ஒருபேருந்தி இருமலர்த் தவிசில் ஒருமுறை அயனை ஈன்றனை’ என்று தொடங்கும். ஒன்று, இரண்டு, ஒன்று. அடுத்த ஏற்றம்: ‘ஒருமுறை இருசுடர் மீதினில் இயங்கா மும்மதிள் இலங்கை இருகால் வளைய ஒருசிலை’. சூரிய சந்திரர் என்ற இரண்டைத் தாண்டி, உச்சியில் இலங்கையின் மூன்று மதில்கள் நிற்கின்றன. இறங்கும் வழியில் வில்லின் இரண்டு முனைகள் வளைகின்றன, கடைசியில் ஒரே ஒரு வில். மதில் ஏறும் இடத்தில் எண் ஏறுகிறது, அம்பு தொடுக்கும் இடத்தில் எண் ஒன்றில் வந்து குவிகிறது. இதைச் சர்க்கஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடந்தை சாரங்கபாணி கோயிலில் கருவறையே குதிரையும் யானையும் இழுக்கும் தேராக அமைந்திருக்கிறது. தேருக்குள் இருக்கும் பெருமாளுக்குத் தேராக ஒரு பாட்டு.

ஆச்சரியம் என்னவென்றால், வரி வரியாக ஒடித்து எழுதுவது என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இது நடந்திருக்கிறது. ஓலைச்சுவடியில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் கிடையாது. இடைவெளி விடாமல், பெரும்பாலும் புள்ளிகூட வைக்காமல், ஓலையின் ஓரம் வரும்வரை எழுத்து ஓடும். அடி எங்கே முடிகிறது என்பதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வரியை ஒடித்து வைத்து, மிச்சத்தை வெறுமையாக விடும் வசதி அச்சோடு வந்தது. புதுக்கவிதை அந்த வெறுமையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எங்கள் ஊருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. 1968இல் தொடங்கிய ‘நடை’ என்ற சிற்றிதழ் சேலத்திலிருந்துதான் வெளிவந்தது. யாப்பிலும் புதுக்கவிதையிலும் ஒரே அளவு தோய்ந்த சி. மணி அதில் எழுதினார். ஞானக்கூத்தனின் கவிதைகள் வந்தன. மரபின் கணக்கும் புதிய பக்கமும் ஒருவருக்குள்ளேயே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு சி. மணியைத்தான் நான் காட்டுவேன்.

கட்டம் போட்டு எழுதும் பழக்கம் எனக்கு இலக்கணத்திலிருந்து வரவில்லை, சேலத்தின் நெசவாளர் பகுதியான அம்மாபேட்டையிலிருந்து வந்தது. என் பெரியப்பா பட்டுச் சேலைக் கரைகளுக்கு டிசைன் போட்டவர். கட்டத்தாளில் ஒவ்வொரு நெடுக்குக் கோடும் பாவு நூலுக்கு, ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஒரு ஊடைக்கு. எந்தக் கட்டத்தை அவர் சிவப்பால் நிரப்புகிறாரோ அங்கே ஜக்கார்டு அட்டையில் துளை விழும். துளை இருக்கும் இடத்தில் நூல் எழும், ஊடை அதன் கீழே போகும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோர்த்துத் தறியின் மேலே உள்ள பெட்டியில் மாட்டினால் மயிலோ மாங்காயோ கரையில் வந்துவிடும்.

மிஞ்சிய தாள்களில் நான் பந்தம் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் சொன்னார்: “கண்ணு, நீ படத்தை முதலில் வரைந்துவிட்டு உள்ளே எழுத்தை அடைக்கிறாய். நான் இந்தத் தாளில் மயில் வரையவில்லை. எந்த நூல் எப்போது எழ வேண்டும் என்றுதான் குறிக்கிறேன்.”

அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். ஓர் அங்குலத்தில் பாவு நூல் எத்தனை, ஊடை எத்தனை என்று பார்க்காமல் சதுரக் கட்டத்தில் மயிலைப் போட்டால், தறியில் அது சப்பையாகவோ நெட்டையாகவோ வந்துவிடும். துணியின் கணக்குக்கு ஏற்ற விகிதத்தில் கட்டம் உள்ள தாளை எடுக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கும் இதே சிக்கல் இருக்கிறது. ‘ர’ ஒல்லி, ‘ஞ’ அகலம், ‘ணை’ இன்னும் அகலம், ‘கௌ’ மூன்று உருக்களாகப் பிரிந்து உட்காரும். கையால் கட்டத்தில் எழுதும்போது எல்லாம் ஒரு கட்டம்தான். கணினியில் தட்டினால் வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி ஓடிவிடும். ஒருங்குறியில் (யூனிகோடு) ‘நி’ என்பது ‘ந’ ஒரு குறியாகவும் இகரக் கொக்கி இன்னொரு குறியாகவும் சேமிக்கப்படுகிறது. எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சொன்னால் கவனமில்லாத செயலி கொக்கியைத் தனியே பிய்த்துப் போட்டுவிடும். கைபேசித் திரையோ நீண்ட வரியைத் தன் விருப்பத்துக்கு மடக்கும். மலைப்பாதைக் கவிதையில் வரிக்கு நான்கே சொல் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரி எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் திரை தீர்மானிக்கக் கூடாது.

இந்தச் சங்கடங்களால்தான், இப்போதெல்லாம் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அலகை விட்டு, சொல்லுக்கு ஓர் இடம் என்ற அலகுக்கு வந்திருக்கிறேன். சொல்லின் அகலம் மாறினாலும் அது நிற்கும் திசை மாறாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் முக்கியமானது. பார்வையில்லாத நண்பர் ஒருவர் திரைவாசிப்பான் வழியாக என் கவிதைகளைக் கேட்கிறார். மிளகுக் கவிதை அவருக்கு உச்சியிலிருந்து, ஏணியிலிருந்து தொடங்குகிறது. மலைப்பாதை நேரே ஓடுகிறது. அவருக்காக இரண்டையும் படிக்க வேண்டிய வரிசையில் எழுதி அடியில் சேர்க்கிறேன், அது நியாயம். ஆனால் அதைவிட நல்ல தீர்வு எழுகூற்றிருக்கையில் இருக்கிறது. அதை ஓதுகிறவரும் கேட்கிறவரும் தேர்ப்படத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒரு, இரு, மும், இரு, ஒரு என்ற எண்கள் காதிலேயே ஏறி இறங்குகின்றன. கண்ணுக்கு ஒரு வடிவம், காதுக்கு அதே வடிவம். பாம்பன் சுவாமிகளின் சஸ்திர பந்தத்தை வேல் படமாக அச்சிட்டுப் பூசையறையில் வைத்திருப்பவர்களும் உண்டு. படத்தைப் பாராமல் வாயாலேயே ஓதுகிறவர்களும் உண்டு.

அப்படி இரண்டு புலனுக்கும் ஒன்றாக நிற்கும் ஒன்றைத் தேடித்தான் கொலுசுக்குப் போனேன். சேலத்தின் வெள்ளிக் கொலுசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையிலும் சிறு பட்டறையிலும் அதைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிற கைகள் இங்கே ஏராளம். கொலுசு வட்டம். வட்டத்துக்கு நம்மிடம் அந்தாதி இருக்கிறது; கடைசிச் சொல் முதல் சொல்லாகி மண்டலித்து முடிவது. அதை நான்கு சொல்லாகச் சுருக்கினேன்.

கொலுசு → ஒலித்தால் → அவள் → நடந்தால் → கொலுசு

கொலுசு ஒலித்தால் அவள். அவள் நடந்தால் கொலுசு. கொலுசு ஒலித்தால் அவள். எந்தச் சொல்லில் தொடங்கினாலும் சுற்றலாம். வட்டமாக எழுதினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, சுற்று கேட்கிறது. ஆனால் அதில் எனக்கு நிறைவில்லை. இனிமையாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உண்மையான கொலுசை எடுத்துப் பாருங்கள். எந்தக் கொலுசும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் திருகாணி உண்டு, அங்கே அது திறக்கும். திறக்காத வளையத்தைக் காலில் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. கவிதைக்கும் அந்த ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதும் ஐந்தாவது சொல் வந்தது. அதை வட்டத்துக்குள் வைக்கவில்லை. ‘கொலுசு’ என்ற சொல்லின் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, ஓரத்தை நோக்கி:

கொலுசு    கழற்றினால்
நடந்தால்    ஒலித்தால்
அவள்

கொலுசில் நின்று கீழே இறங்கினால் ஒலியும் அவளும் நடையும் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கவாட்டில் போனால் ‘கொலுசு கழற்றினால்’ என்று வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. திருமணமான பெண்ணா, மகப்பேற்றுக்கு மருத்துவமனை போனவளா, வெள்ளியை அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறவளா, இறந்துபோனவளா, நான் சொல்லவில்லை. நண்பருக்கு இதைப் படித்துக் காட்டும்போது மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் ‘கழற்றினால்’ என்று நிறுத்தினேன். அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாவது முறை, எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதைத் தானே சொல்வதாகச் சொல்லி, முதல் சுற்றிலேயே கையைத் தட்டினார்.